ஒரு தலைவலிக்கு எத்தனை செடி

போன வாரம் மகள் மூன்று செடித் தொட்டிகளோடு வீட்டுக்குள் வந்தாள். ஒன்றை டிவி பக்கத்தில் வைத்தாள், ஒன்றைச் சமையலறையில். மூன்றாவதை நேராகக் கொண்டுபோய் என் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். "அப்பா, காத்து சுத்தமாகும். கண்ணுக்குக் குளிர்ச்சி. தூக்கம் நல்லா வரும், பிரஷர்கூட இறங்குமாம் லா," என்று கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள். நான் தலையாட்டினேன். அவள் போன பிறகு தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரத் தேங்காய்நார் வாசம். அந்த வாசம் வந்தால் எனக்குச் செடி ஏற்றிப்போன லோரி ஞாபகம் வரும். கூடவே பழைய குழப்பமும் வரும்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, ஆபீஸ்களுக்குச் செடியை வாடகைக்கு விடுகிற தொழில் ஒன்று உண்டு. சிம்பாங் அம்பாட்டில் ஒரு சீன முதலாளியின் தோட்டத்தில் அந்த வேலைதான் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். யாராவது சேர்ந்தாற்போல் இரண்டு கேள்வி கேட்டால் காது சிவந்துவிடும். பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அதில் அத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். ஆபீசில் அழகான பெரிய தொட்டி ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் தொட்டியில் செடி. உள்ளே இருந்தால் செடி கொஞ்ச நாளில் வாடத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆட்கள் வரும் முன்னால் போய், பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் தூக்கிவிட்டு, அதே உயரத்தில் அதே மாதிரி இன்னொன்றை இறக்கிவிடுவோம். வாடியது தோட்டத்துக்குத் திரும்பி, கறுப்பு நிழல்வலைக்குக் கீழே இரண்டு மாதம் ஓய்வெடுக்கும். வருகிறவர்கள் பார்ப்பது எப்போதும் பச்சையாக இருக்கும் ஒரே செடியை. பேங்க், பல் டாக்டர், வக்கீல் ஆபீஸ் எல்லாம் இப்படித்தான். ஒரு மேனேஜர் மிச்சக் கோப்பியைத் தினமும் தொட்டியில் ஊற்றுவார். அந்தச் செடியைத் தூக்கி வந்தால் லோரி முழுக்கக் கோப்பிக்கடை மாதிரி மணக்கும்.

ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவர் சரோஜா அக்கா. ஐம்பது வயது இருக்கும், சத்தமாகப் பேசுவார். நாங்கள் மாற்றி முடித்து இலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வருவார். அவருக்கு வாரம் தவறாமல் ஒற்றைத் தலைவலி. எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எடுத்து எடுத்து, இனி ஒருமுறை எடுத்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். பச்சையாக எதையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளைப் புள்ளி தெளித்த அகல இலைச் செடி ஒன்று அவர் மேசையருகே வந்தது அப்படித்தான்.

"தம்பி, இவ வந்ததுலேர்ந்து ஒரு எம்சி இல்ல தெரியுமா? என் ராசாத்தி!" என்று இலையைத் தட்டிக்கொடுப்பார்.

ராசாத்தி வந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். நான் துணியைப் பிழிந்துகொண்டு குனிந்தே இருப்பேன்.

ஒருநாள் ஓர் இலையின் நுனி கருகிவிட்டது என்று அவரே கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிட்டார். இனி மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாரே. அடுத்த முறை புதுச் செடியிலும் அதே உயரத்து இலையைப் பார்த்து லோரியிலேயே வெட்டினேன். அதன் பால் பட்டு விரலெல்லாம் அரிப்பு.

"என்னடா, செடிக்கு முடி வெட்டறியா? பொண்ணு பாக்க வராங்களா?" என்று லோரி ஓட்டும் மணியம் அண்ணே சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வெட்டினேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு அந்த ஆபீஸ் பட்டர்வொர்த்துக்கு மாறுவதாக ஆனது. புது இடத்தில் வாடகைச் செடி கிடையாது. சரோஜா அக்கா எங்கள் முதலாளியிடம் போனில் கேட்டு அந்தச் செடியை விலைக்கு வாங்கிவிட்டார். "இவ இல்லாம நான் அங்க போயி எப்படி லா உக்காருவேன்? மறுபடி தலைவலி வந்தா வேலை போயிரும் தம்பி," என்றார்.

அவர் கையால் வெட்டிய செடியையாவது கொடுத்துவிடலாம் என்று வலைக்குக் கீழே தேடினேன். நாற்பது புள்ளிச்செடி. பல செடிகளில் சாய்வாக வெட்டிய இலை. எது அவர் வெட்டியது, எது நான் வெட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி நாள் வெறுங்கையோடு போய் நின்றேன். என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, இது ஒரே செடி இல்ல. மாத்தி மாத்தித்தான் வச்சோம்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேசையருகே இருந்த செடியையே பார்த்தார்.

"ஏன் மாத்தினீங்க?"

"மஞ்சளாயிரும் அக்கா."

"எத்தனை மஞ்சளாச்சு?"

"நாப்பது இருக்கும்."

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. "அட பாவமே. என் தலைவலியெல்லாம் இதுங்க வாங்கிக்கிச்சா?" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டினார். "வேணாம் தம்பி. இன்னொண்ணையும் நான் மஞ்சளாக்கணுமா? நீ கொண்டு போயிரு."

அப்படி இல்லை, அந்த மூலையில் ஜன்னல் இல்லை, வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான், உங்கள் புது மேசை ஜன்னல் பக்கம் இருந்தால் இது நன்றாக வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறப்பதற்குள் கீழே மணியம் அண்ணே ஹாரன் அடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அக்கா படியிறங்கிப் போய்விட்டார்.

பட்டர்வொர்த்தில் அவருக்குத் தலைவலி வந்ததா என்று இன்றுவரை தெரியாது. செடி அவரைக் காப்பாற்றியதா, அவர் நம்பிக்கை காப்பாற்றியதா, இல்லை தலைவலிதான் தானாகக் குறைந்ததா, அதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்?

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். மணியம் அண்ணே இல்லை. பீச் ஸ்ட்ரீட் கட்டடம் ஹோட்டலாகிவிட்டது. நேற்று அந்தப் பக்கம் போனபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாடி வரை ஏறிப் பார்த்தேன். சரோஜா அக்காவின் மேசை இருந்த மூலையில் கூரையைத் திறந்து கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலை வெயில் தரை முழுக்க விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் ஒரு செடிகூட வைக்கவில்லை.