இருபத்து மூன்று கோடுகள்

செக்காலை ரோட்டில் ரோகிணி எதிரே வந்தால் ஞானசேகர் சட்டென்று ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒருமுறை அப்படி நுழைந்தது வளையல் கடை. அந்தப் பெண் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் இவ்வளவு ஓடவேண்டியிருக்காது.

காரைக்குடி ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ரோகிணி அங்கே ஆராய்ச்சி மாணவி, நாச்சியாபுரத்து விவசாயி மகள். உடம்புக்குள் எந்தப் புரதம் எதனோடு கூடி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. புரதங்களைப் படிகமாக்கி அளந்த வடிவ விவரங்கள் சிடியில் வரும். அதில் எது எதைத் தொடுகிறது என்று கணக்கிடும் புரோகிராமை எழுதியவர் ஞானசேகர். படிகத்துக்குள் இட நெருக்கடியில் சும்மா உரசிக்கொண்டிருப்பவையும் உண்டு. "தொடுற பரப்பு கம்மியா இருந்தா விட்ருங்கண்ணே" என்று ரோகிணி சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு நிபந்தனையை மனிதர் சேர்க்க மறந்துபோனார்.

சார்ட் பேப்பரில் புரதத்துக்கு ஒரு புள்ளி, தொடுகைக்கு ஒரு கோடு என்று வலை வரைந்தபோது, ஒரே புரதத்திலிருந்து இருபத்து மூன்று கோடுகள் கிளம்பின. எல்லோரும் கூடி நின்று வியந்தார்கள். ஞானசேகருக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

1997-இல் ரோகிணி அதைக் கருத்தரங்கில் பேச இருந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, விட்டுப்போன நிபந்தனை அவர் கண்ணில் பட்டது. சேர்த்து ஓட்டிப் பார்த்தார். இருபத்து மூன்றில் நான்குதான் தேறின. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாயிற்றே! யார் கேட்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்.

மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். "ஏம்மா, தேவகோட்டை பஸ்ல ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நிக்கிறாக. அம்புட்டுப் பேரும் சொந்தக்காரவுகளா?"

அரங்கமே சிரித்தது. ரோகிணிக்குப் புரிந்துவிட்டது. "நாந்தான் சரியாப் பாக்கல சார்" என்றாள்.

பின்வரிசையில் ஞானசேகர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட மனுஷன்!

ஆய்வுக்கூடத்தில் அச்செடுத்த தாளை யாரும் வீசுவதில்லை. பின்பக்கத்தில் கணக்குப் போடுவார்கள். அடுத்த வாரம் ரோகிணி அப்படி எடுத்த தாளைத் திருப்பினாள். நான்கே நான்கு கோடு. மேலே சனிக்கிழமைத் தேதி. நேரே அவர் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, இது உங்க தாளு. சனிக்கெழமையே பாத்துட்டீகளா?"

அவர் கீபோர்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்காமல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். அவள் தாளை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கே வந்து, அவர் மனைவி இன்பமேரியிடம் கொடுத்தாள். நன்றிப் பக்கத்தில் ஞானசேகர் பெயர் இருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் இன்பமேரி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவாள். "எங்க வீட்டுக்காரக பேரு அச்சுல வந்திருக்கு, பாருங்க."

வந்தவர்கள் பாராட்டத் திரும்பினால், அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பார்.