பெரிய எழுத்து, சின்ன எழுத்து

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது பெரிய எழுத்துகள் மட்டும்தான். அவையும் பள்ளியில் கற்றவை அல்ல. பஸ் பலகையிலும் உர மூட்டையிலும் பார்த்துப் பார்த்துப் பழகியவை. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் சில வருடம் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் என் தம்பியுடையது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்கு நாங்கள் இருவர்தான். பெங்களூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போனபோது இவன் மட்டும் தஞ்சாவூரிலேயே ஏதாவது செய்கிறேன் என்று வந்துவிட்டான். ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை பிடித்தான். ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் தரிசாகக் கிடந்த வருடம் அது.

“சும்மா ஒக்காந்து வெடிப்பப் பாத்துக்கிட்டு இருக்காத. எங்கூட வாண்ணே,” என்றான்.

“என்ன யாவாரம்ப்பா?”

“வெப்சைட் வைக்க எடம் வாடகைக்கு விடுறது. ஒரே மெஷின்தான், அதுல நெறைய பேருக்குப் பங்கு.”

“பங்கா? சாமியார்கிட்ட கேட்டியா?”

எங்கள் வீட்டில் பங்கு என்றால் பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் மாதா கோயில் வட்டாரம்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த மெஷினை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அது அமெரிக்காவில் எங்கோ இருந்தது. நாங்கள் வருட வாடகைக்கு எடுத்து, அதை அரிசி ஆலைக்காரர், நகைக்கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர் என்று பலருக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

தம்பிக்குக் கூட்டாளி கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். அவருடைய பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவரை இஞ்சினியர் ஆக்கியவர்கள். வெப்சைட் பக்கங்களை எழுதுவது அவர் வேலை. அந்தப் பக்கங்களில் வரவேண்டிய போட்டோக்களை ஸ்கேன் செய்து, பெயர் வைத்து, மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. என்ன பெயர் என்று அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவார். நான் சாவியைத் தேடித் தட்டுவேன்.

சாவிகளின் மேல் அச்சடித்திருப்பது பெரிய எழுத்து. தட்டினால் திரையில் வருவது சின்ன எழுத்து. முதல் நாளே எனக்கு இது பயமாகப் போய்விட்டது. தட்டியது ஒன்று, வந்தது வேறொன்று என்று தோன்றியது. கேப்ஸ் லாக் என்ற சாவியை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று நானே கண்டுபிடித்தேன். அதன் பிறகு அந்தச் சாவிக்கான பச்சை விளக்கு எரிந்தபடியேதான் இருந்தது. காலையில் வந்ததும் முதல் காரியம் அதுதான்.

வாடகைக் கெடு நெருங்கியபோது தம்பிக்கும் கூட்டாளிக்கும் பேச்சு வந்தது. மெஷினை நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டம் அதுவரை விண்டோஸாக இருந்தது. லினக்ஸுக்கு மாறினால் வாடகை குறையும், அதே மெஷினில் இன்னும் நிறையப் பேரை வைக்கலாம் என்றார் அவர். தம்பிக்கும் அதுதான் ஆசை. ஊரிலேயே நிலைத்து நிற்க வேறு வழியில்லை என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் சோதித்துப் பார்ப்போம் என்று நான்கைந்து பேருடைய பக்கங்களை மட்டும் லினக்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் அவர்களில் ஒருவரான பேராவூரணித் தேங்காய் வியாபாரி போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

“என்னங்க, என் தோப்ப எவன் வெட்டுனான்?”

“தோப்பா?”

“வெப்சைட்ல ஒரு மரம்கூட இல்லீங்க. நான் நிக்கிற போட்டோவும் இல்ல. மாப்பிள்ள சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணி, என்ன மாமா வித்துட்டீங்களாங்கிறாரு.”

பார்த்தால் லினக்ஸுக்கு மாற்றிய எல்லோருடைய படங்களும் போயிருந்தன. படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். கீழ்வேளூர்ப் பெண் கொஞ்ச நேரம் தோண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணுமில்லண்ணே. விண்டோஸ்ல பெரிய ஏவும் சின்ன ஏவும் ஒரே ஆளு. லினக்ஸ்ல வேற வேற ஆளு. நான் வெப்சைட் பக்கத்துல சின்னதுல எழுதியிருக்கேன், நீங்க படத்துக்குப் பெருசுல பேரு வச்சிருக்கீங்க. அது தேடுது, ஆளு கெடைக்கல.”

என் முகத்தைப் பார்த்து, “நம்ம தமிழ்ல ஏதுண்ணே பெருசு சிறுசு? இவனுங்க வச்ச வம்பு,” என்றும் சொன்னார்.

தம்பி சின்ன எழுத்துகளை ஒரு அட்டையில் எழுதித் திரையின் மேல் ஒட்டினான். நானும் முயன்றேன். வலப்பக்கம் வயிறு வைத்த ஒன்று, இடப்பக்கம் வைத்த ஒன்று, அவற்றையே தலைகீழாகப் போட்டதுபோல் இன்னும் இரண்டு. அவசரத்தில் என் கண்ணுக்கு நான்கும் ஒன்றாகவே தெரிந்தன. திரையைப் பார்த்தால் சாவி மறந்தது. விளக்கை அணைத்துத் தட்டினாலும், வந்தது சரிதானா என்று பயந்து மறுபடி போட்டுவிடுவேன். அந்த வாரம் முழுக்கப் படங்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன.

வாரக் கடைசியில் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

“பேரையெல்லாம் சின்ன எழுத்தா மாத்த ஒரு வரி எழுதுனாப் போதும்,” என்றார் அவர். “அதுகூட வேணாங்க. புதுசுல கஸ்டமரே படத்த ஏத்திக்கலாம். நடுவுல ஒரு ஆளு...”

தம்பி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“விண்டோஸே இருக்கட்டும்,” என்றான் தம்பி.

“ஏங்க? நீங்கதான் லினக்ஸ் லினக்ஸ்னு உசுர விட்டீங்க.”

“கஸ்டமருக்கு விண்டோஸ்தான் பழக்கம்.”

எங்கள் கஸ்டமர் ஒருவருக்கும் அமெரிக்காவில் இருக்கிற மெஷினில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. தோப்பு தெரிகிறதா, மண்டபம் தெரிகிறதா, அவ்வளவுதான் அவர்களுக்கு. இது கீழ்வேளூர்ப் பெண்ணுக்கும் தெரியும். தடுப்பைத் தாண்டி வந்து அந்தப் பச்சை விளக்கை ஒரு கணம் பார்த்தார். “டீ சொல்லட்டுமாண்ணே?” என்றார்.

அந்த வருடமும் விண்டோஸுக்கே வாடகை கட்டினோம். சென்னையில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் எங்களைவிடப் பாதி விலைக்கு இடம் கொடுத்தார்கள். முதலில் நகைக்கடைக்காரர் போனார். பிறகு மண்டபக்காரர். கீழ்வேளூர்ப் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போகும்போது என்னிடம், “தம்பிய ஒண்ணும் கேட்டுராதீங்கண்ணே,” என்றார். அடுத்த கெடு வருவதற்குள் அறையைக் காலி செய்தோம். தம்பி சிங்கப்பூர் போனான். அங்கே நூற்றுக்கணக்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லாம் லினக்ஸ்.

நான் வயலுக்குத் திரும்பினேன். வேலை எனக்குப் பெரிதாக இருக்கவில்லை. அவன் அருகில் இருந்ததுதான் பெரிதாக இருந்தது. அது அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் போன் வரும். அவனுக்கு அங்கேயே கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். பல வருடம் கேட்காமல் இருந்ததைப் போன மாதம் கேட்டேன்.

“ஏம்ப்பா, அன்னைக்கு விண்டோஸே இருக்கட்டும்னியே, எனக்காகவா சொன்ன?”

அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“சேச்சே, கஸ்டமருக்கு அதாண்ணே பழக்கம்.”

“அதானே,” என்றேன்.

பிறகு மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். சொன்னேன்.