செவ்வாய்க்கிழமை மட்டும் சுற்றிய சில்லு

விடத்தல்தீவில் மீளக் குடியேறிய சனத்துக்குள், தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே கொழும்பில் கிடக்கும் சேர்வரின் காதைப் பிடித்து முறுக்கக்கூடிய ஒரே ஆள் டிலோஜினி. முகாமில் ஆறு மாதக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனாள். மிச்சமெல்லாம் தானாகப் படித்தது.

மீனவர் சங்கத்துக்கு அவள் மூன்று வாரத்துக்கு முன் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தாள். தராசடியில் நிற்கும் மாக்கிறட் அக்கா படகின் பெயரையும் மீனின் நிறையையும் போனில் அடித்தால், மன்னாரில் நிற்கும் ஐஸ் லொறிக்குத் தெரியும். லொறி பறந்து வரும்.

ஆனால் மூன்று செவ்வாய்க்கிழமையாக அந்தப் பக்கம் இறுகி நின்றது. திரை நடுவில், பொறு என்று சொல்லும் சக்கரம்போல ஒரு சில்லு சுற்றும், உலகம் அழியும்வரை சுற்றும். லொறி வராது. மீன் வெயிலில் கிடந்து கருவாடாகும்.

"உன்ரை பக்கம் செவ்வாய் விரதமோ, பிள்ளை?" என்றார் சங்கத் தலைவர் பஸ்ரியன். "இண்டைக்கும் சுத்தினா, நாளையிலை இருந்து பழையபடி கொப்பியிலை எழுத்துத்தான்."

டிலோஜினி லப்ரொப்போடு தராசடியில் குந்தினாள். முதல் படகு வந்தது. மாக்கிறட் அடித்தார். சில்லு சுற்றியது.

பக்கம் முன்னால் சும்மா நிற்க, பின்னால் சேர்வருக்கு ஓடும் வேண்டுகோளைத் திறந்து பார்த்தாள். சிவப்பில் ஐந்நூறு என்ற பிழை இலக்கம். அப்படியென்றால் போனிலும் பிழையில்லை, சிக்னலிலும் பிழையில்லை. சேர்வர்தான் தடக்கி விழுந்திருக்கிறது. நல்ல பதில் வந்தால் சில்லை நிறுத்தச் சொல்லியிருந்தவள், கெட்ட பதில் வந்தால் என்ன செய்வதென்று ஒரு வரியும் எழுதவில்லை. அதனால்தான் பின்னால் வந்த படகெல்லாம் வரிசையில் காய்ந்தன.

சரி, ஏன் விழுந்தது? சேர்வரின் பிழைப் பதிவைத் திறந்தாள். நிறைக்கு எண் வேண்டும், வந்திருப்பது 'அந்தோனியாருக்கு' என்று கிடந்தது.

"அக்கா! நிறைப் பெட்டிக்கை என்னத்தை அடிச்சனீங்கள்?"

"பின்னை? செவ்வாய்க்கிழமை முதல் மீன் அந்தோனியாருக்கு. அவரோடை கிலோக் கணக்குப் பாக்கலாமோடி? கடல் வத்திப்போடும்!"

பிறந்த நாளிலிருந்து பார்த்த வழக்கம். எழுதும்போது மட்டும் மறந்துபோனாள். பஸ்ரியன் கொப்பி வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருக்க, அவள் விரல் சூடைமீன் மாதிரித் துள்ளியது. 'கோயில் மீன்' என்று ஒரு பெட்டி போட்டாள். அதைத் தொட்டால் நிறை கேட்காது. பிழை வந்தால் சில்லு நின்று, என்ன பிழையென்று சொல்லும்.

"இப்ப அடியுங்கோ அக்கா."

சில்லு அரைச் சுற்றில் நின்றது. முதல் படகின் கணக்குப் போனது, பின்னால் வந்த ஆறு படகின் கணக்கும் போயின. லொறியும் பறந்து வந்தது.

"கொழும்பிலை சேர்வர் விழுந்ததாம்," என்று பஸ்ரியன் சாரதியைப் பிடித்துவைத்துச் சொன்னார். "இஞ்சை இருந்தே தூக்கி நிறுத்தினது எங்கடை பிள்ளை!"

"மாமா, அதை விழுத்தினதும் நான்தான்."

"சும்மா இரடி," என்றார் அவர். "நான் இன்னும் மூண்டு பேருக்குச் சொல்லோணும்."