மாப்பிள்ளைக் காரின் பெற்றோல் கலவை

என் மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து தன் கல்யாணத்துக்கு வந்து இறங்கியபோதே, பொண்ணு வீட்டுக்கு எந்தக் காரில் போவது என்று முடிவெடுத்து வைத்திருந்தான். கோமாரியில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலுக்குள் கிடந்த பழைய ஜப்பான் கார் அது. உப்புக் காற்றில் வெளிறிய அதன் சிவப்பு, அரிந்த கொய்யாப்பழம் மாதிரி ஆகியிருந்தது. சாய்ந்தமருதில் உள்ள என் கராஜில் அதை லொறியிலிருந்து இறக்கிவிட்டு, "மச்சான், இதிலதான் மாப்பிளயாப் போகப் போறன்" என்றான்.

"கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்லயேடா!"

"அதுக்குத்தானே நீங்க இருக்கிறீங்க."

பொனட்டைத் திறந்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அது ரோட்டரி எஞ்சின். வேன், ஓட்டோ, உழவு மெஷின் என்று என் கைக்கு வராத எஞ்சின் குறைவு. ஆனால் பிஸ்டனே இல்லாத எஞ்சினை அன்றுதான் நேரில் கண்டேன். முட்டை வடிவ அறைக்குள் முக்கோணமான ஓர் இரும்பு சுழல்கிறது, அவ்வளவுதான். பயம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பெருநாள் காலை மாதிரி ஒரு சந்தோசம் வந்தது.

நானும் மச்சானுமாக, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினேன். இருமி, துப்பி, கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஓட்டிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. எக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் பட்டாசு வெடித்தது. மெதுவாகப் போனால் எஞ்சின் திக்கித் திக்கி நின்றது. மாப்பிள்ளை ஊர்வலமோ மருதமுனை வரை நடைவேகத்தில் போக வேண்டும். கல்முனைக் கடைத்தெருவின் நடுவில் நின்றால் ஊரே சிரிக்கும்.

காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலக்கவில்லை என்பது தெளிவு. எது கூட, எது குறைய என்பதுதான் கேள்வி. மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மீட்டரை டேஷ்போர்டில் பூட்டினான். அதன் சென்சர் புகைக் குழாய்க்குள் இருந்து புகையை அளக்கும். எண் ஏறினால் பெற்றோல் குறைவு, இறங்கினால் கூடுதல். எண் நன்றாக ஏறியே நின்றது. அதை நம்பி, காபரேட்டரில் பெற்றோல் வரும் ஜெட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய துளையுள்ளதாகப் போட்டோம். திக்கல் கூடியது. அதைவிடப் பெரியதைப் போட்டோம். இன்னும் கூடியது. அப்போதும் மீட்டர் பெற்றோல் காணாது, இன்னும் வேண்டும் என்றே சொன்னது.

அடுத்த நாள் காலை நிந்தவூர்ப் பக்கமாக ஓட்டிப் பார்க்கப் போனோம். மச்சான் ஓட்டினான், நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், மீட்டரை வாசித்துச் சொல்ல என் மனைவி முன்னால் இருந்தாள். இரண்டு பக்கமும் வயல். கொஞ்ச தூரத்தில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்ன ராத்தா, எண்ணச் சொல்லுங்களன்" என்றான் மச்சான்.

"எண்ணக் கொண்டு கடலுக்க போடு. இது பெற்றோல் காணாதெண்டு சொல்லுது. எனக்கெண்டா பெற்றோல் மணத்தில கண் எரியுது. இந்த அபாயாவ மூணுதரம் கழுவினாலும் மணம் போகாது."

"மீட்டர் பொய் சொல்லாது ராத்தா."

"அப்ப என்ட மூக்கு பொய் சொல்லுதோ?"

நான் காரை ஓரங்கட்டச் சொன்னேன். வாய்க்கால் கரையில் வைத்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஒன்றைக் கழற்றினேன். கரி பிடித்து, பெற்றோலில் நனைந்திருந்தது. பெற்றோல் காணாத எஞ்சினின் பிளக் வெளுத்துக் காய்ந்துபோய் இருக்கும். மற்றவற்றையும் கழற்றினேன். எல்லாம் கறுப்பு. மீட்டர் ஒரு பக்கம், மூக்கும் பிளக்கும் மறுபக்கம்.

"மீட்டருக்கு யாரோ பொய் சொல்லிக் குடுக்கிறாங்க" என்றேன்.

கராஜுக்கு வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கால் சைலன்சரின் வாயை மச்சானைப் பொத்தச் சொன்னேன். எஞ்சினோடு குழாய் சேரும் மூட்டில் 'புஸ்' என்று ஒரு சத்தம். அங்கே இடைவெளியை அடைக்கும் கெஸ்கட் வெடித்திருந்தது. வாயைப் பொத்தாமல் ஓடும்போது அந்த வெடிப்பால் வெளிக்காற்று குழாய்க்குள் இழுபட்டுப் போய்ப் புகையோடு கலந்திருக்கிறது. அந்தக் காற்றைத்தான் சென்சர் அளந்து, பெற்றோல் காணாது என்று எங்களை ஏய்த்திருக்கிறது. சைலன்சரில் பட்டாசு வெடித்ததும் அதே காற்றால்தான்.

புதுக் கெஸ்கட் போட்டோம். மீட்டரின் எண் மளமளவென்று இறங்கி, பெற்றோல் கூடுதல் என்ற உண்மையைச் சொன்னது. முதலில் இருந்த ஜெட்டையே திரும்பப் போட்டு, பிளக்கைத் துடைத்து, மெதுவோட்டத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓர் இடத்தில் எஞ்சினின் குரல் மாறியது. திக்கல் இல்லை, வெடி இல்லை, தேன்கூட்டை மூடி வைத்த மாதிரி ஒரே சீரான இரைச்சல்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திய மச்சான், ராத்தாவின் கையைப் பிடித்து அவளுடைய மூக்குக்கு ஸலாம் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று கல்முனைக் கடைத்தெருவில் பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனோம். ஒரு தரம்கூட எஞ்சின் நிற்கவில்லை. பொண்ணு வீட்டு வாசலில் பெண்கள் குரவை விட்டார்கள். பொண்ணின் வாப்பா மாலையோடு வந்தார். மாப்பிள்ளையின் கழுத்தில் போட்ட கையோடு காதைக் காரின் பக்கம் திருப்பினார்.

"என்ன மருமகன், இது வேற மாதிரிக் கதைக்குது?"

"ரோட்டரி மாமா. பாக்கப் போறீங்களா?"

கோட்டும் மாலையுமாக மச்சான் பொனட்டைத் தூக்கினான். மாமனாரும் அவருடைய சகோதரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். பிஸ்டன் எங்கே என்று ஒருவர் தேடினார். நிக்காஹ் நடத்த வந்த மௌலவி வாசலில் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள, எஞ்சின் அங்கேயேதான் இருக்கும். முதல்ல உள்ளுக்கு வாங்க" என்றார். பிறகு தானும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, "எங்க, அந்த முக்கோணம் எந்த இடத்தில சுத்துது?" என்று என்னிடம் கேட்டார்.