வால்வு மாடியில் இருந்தது

குழாயை அறுத்ததுமே தண்ணீர் என் முகத்தில் அடித்தது. சரவணம்பட்டியில் நான் தனியாகப் போன முதல் வேலை அது. பள்ளியைப் பாதியில் விட்டு, பனியன் கம்பெனி, லாரி, பேக்கரி என்று சுற்றிவிட்டு, கணபதியில் ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டரிடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வேலை சின்னது. சமையலறைக்கு வெளிச்சுவரில், மேல் டேங்கிலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர் லைனில் குழாய் திரும்பும் இடத்து எல்போ விரிசல் விட்டு ஒழுகியது. வால்வை அடைத்து, எல்போவை அறுத்தெடுத்து, புதியதை ஒட்ட வேண்டும். வால்வு மொட்டை மாடியில். படி வீட்டுக்குள்.

வீட்டுக்காரர் கேட்டிலேயே நிறுத்தினார்.

"எந்த ஊருங்க தம்பி?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளீங்களா, அந்தப் பக்கமுங்களா?"

"அந்தப் பக்கந்தானுங்க."

"செரி. சந்து வழியா பொறத்தால போயிருங்க. வால்வை நானே அடைச்சுபோட்டு வாரேன்."

அந்தப் பக்கம் என்றால் எங்கள் தெரு. எங்கள் தெருக்காரர்களைச் சில வீடுகளில் இன்றும் உள்ளே விடுவதில்லை. அதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள்.

மாடியில் இரண்டு டேங்க். ஒன்றில் போர் தண்ணீர். மற்றதில் வாரம் ஒருமுறை வரும் நல்ல தண்ணீர். அவர் போர் வால்வை அடைத்துவிட்டு வந்து, "அடைச்சாச்சு, அறுங்க" என்றார். தண்ணீர் நின்றுவிட்டதா என்று சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் தப்பு. அறுத்தேன்; தண்ணீர் பீறிட்டது.

"வேற வால்வுங்க! நான் மேல போறேனுங்க" என்று பின்வாசலுக்கு ஓடினேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"சாமி ரூமைத் தாண்டோணுங்க. எந்த வால்வுன்னு இங்கிருந்தே சொல்லுங்க."

பார்க்காத மாடியைப் பற்றி என்ன சொல்வது?

"அந்தத் தம்பியை உடுங்க! அடுத்த தண்ணி எப்ப வருமோ!" என்று உள்ளிருந்து அவர் மனைவி கத்தினார்.

அவர் என்னை விடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார். குழாய் வாயை மூட என் பையில் ஓர் எண்ட் கேப்கூட இல்லை. குழாய் வாயை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். ஒரு குடும்பம் வாரம் முழுக்கக் குடிக்கவேண்டிய தண்ணீர் சாக்கடைக்குப் போனது. அவர் வால்வைக் கண்டுபிடிப்பதற்குள் டேங்க் காலி.

கான்ட்ராக்டருக்கு போன் போட்டார். "ஏனுங்க, வேலை தெரிஞ்ச ஆளை அனுப்பக்கூடாதுங்களா? டேங்க் தண்ணியைப் பூரா கொட்டிப்போட்டாரு."

போன் என் கைக்கு வந்தது. "தப்பு யாருதுன்னு நான் கேக்கல. மன்னிப்புக் கேட்டுப்போட்டு வேலையை முடி. இல்லீன்னா நாளைக்கு வராதே."

கேட்டேன். வீட்டுக்காரர் "பரவாயில்லைங்க" என்றார். அந்தப் 'பரவாயில்லைங்க'வை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. குழாய் முனையைத் துணியால் துடைத்துக் காயவைத்து, சால்வென்ட் பூசி, புது எல்போவை ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் கையால் அடைக்காத வால்வை நம்பிக் குழாயில் பிளேடை வைக்காதீர்கள். யார் வீடாக இருந்தாலும் சரி.

போன மாதம் பீளமேட்டில் ஒரு வீட்டிலும் இதேதான்.

"உள்ள வராம செய்ய முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

கிளம்பப் பையைத் தோளில் மாட்டினேன். ஹாலில் தண்ணீர் சோபா வரை வந்திருந்தது. வழிவிட்டார்கள். மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. படியேறிப் போய் வால்வை அடைத்தேன்.