பந்தை ஐயாவுக்குக் கொடுத்த ஆட்டம்: ஒரு திருகோணமலைப் பயணம்

நமது இலங்கைக் கால்பந்து அணி தோற்கும் ஒவ்வொரு முறையும் நண்பர்கள் என்னிடம் காரணம் கேட்கிறார்கள். இளவயதில் வீரர்களைத் தெரிவுசெய்யும் குழு ஒன்றில் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. மைதானம் சரியில்லை, பயிற்சி போதாது என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். திருகோணமலைக்குப் போக இருப்பவர்கள் சிலர் பயண விவரம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதோடு சேர்த்து, சொல்லாமல் விட்ட காரணத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. குழுவின் தெரிவாளரும் நானும் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினோம். ஏறத்தாழ 184 மைல் தூரம், மூன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். தெரிவாளர் இரண்டாம் வகுப்பில், நான் மூன்றாம் வகுப்பில். காலை ஆறு மணிக்குத் திருகோணமலையில் இறங்கியபோது என் முதுகு பலகையாகியிருந்தது. நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்தே போகலாம், பதினைந்து நிமிடம்தான். வழியில் மான்கள் சாவகாசமாகத் தெருவைக் கடக்கும். அவற்றுக்குப் பாணோ ரொட்டியோ கொடுக்காதீர்கள், பிறகு விடாது.

ஒரு துறைமுக அலுவலகத்தின் அணியில் விளையாடும் நசீர் என்பவரைப் பார்க்கத்தான் வந்திருந்தோம். கொழும்புப் பயிற்சி முகாமில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. இவர் பிரமாதமாக ஆடுகிறார் என்று யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். நசீர் கிண்ணியாக்காரர், என் வயதுதான், இழுவைப் படகில் கயிறு பிடிக்கும் வேலை. மதியம் இரண்டு மணிக்கு மைதானத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் அவரைச் சந்தித்தேன்.

"இந்தச் சனிக்கிழமை லீவு எடுக்க வாரம் முழுக்க ரெட்டை முறை வேலை செஞ்சனான். இண்டைக்கு விட்டா இனி ஆரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க," என்றார். அவருடைய கை கயிறு பிடித்துக் காய்த்துப்போய்க் கிடந்தது. கால்கள் மட்டும் கதிரைக்குக் கீழே சும்மா இருக்கவில்லை.

ஆட்டம் நான்கரைக்குத் தொடங்கியது. எதிரணி பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மீன்பிடி இளைஞர்கள். துறைமுக அணியைப் பார்த்தால் அலுவலக வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாக வாசித்ததுபோல் இருந்தது. பிரதம லிகிதர், அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர், முன்வரிசையின் நடுவில். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு இரு பக்கமும் மற்ற லிகிதர்கள். கிரேன் ஓட்டுபவர்கள் நடுவில், கயிறு பிடிப்பவர் கடைசியில். எங்கள் தெரிவாளர் கேட்டுக்கொண்ட பிறகுதான் நசீரை முன்னுக்கு விட்டார்கள். பிரதம லிகிதர் பெருந்தன்மையோடு இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார்.

சல்லிக்காரர்கள் ஒருவரையொருவர் "டேய், விடு" என்று கத்தினார்கள், பந்து உடனே வந்தது. இந்தப் பக்கம், "ஐயா, கொஞ்சம் விடுங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்தை எதிரணி கொண்டுபோய்விடும். எனக்குச் சிரிப்பு வந்தது. தெரிவாளர் சிரிக்கவில்லை, நானும் அடக்கிக்கொண்டேன்.

அணிக்கு ஒரு கோல். முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நசீர் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்தார். மூன்று பேரைத் தாண்டினார். கோல் காப்பாளர் விழுந்துவிட்டார். முன்னால் வெறும் கம்பமும் வலையும்தான், நான்கு கஜ தூரம். இடப்பக்கம் பிரதம லிகிதர் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். நசீர் நின்றார். பந்தை மெதுவாக அவருக்குத் தள்ளிவிட்டார். அவர் ஓங்கி அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால் போய்க் கடற்கரையில் விழுந்தது.

நசீர்தான் போய்ப் பந்தை எடுத்துவந்தார். "பரவாயில்லை ஐயா, காத்து இழுத்துப்போட்டுது," என்றார். காற்றே இல்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியில் தெரிவாளர், "நசீரின்ர பேரை வெட்டும் தம்பி. கோல் வாயில பந்தை மற்றவனுக்குக் குடுக்கிறவன் வெளிநாட்டுக்காரனோட என்னத்தை ஆடுவான்? நெஞ்சில பயம்," என்றார். அவர் நேர்மையானவர், யாரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஐயாவாகவே இருந்தவருக்கு அது பயம் இல்லை, மரியாதை என்று தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவரை மறித்துச் சொல்ல வாய்வரை வந்தது. "ஓம் ஐயா," என்று சொல்லிவிட்டுப் பெயரை வெட்டினேன்.

மறுநாள் காலை முடிவைச் சொல்ல என்னைக் கிண்ணியாவுக்கு அனுப்பினார். பஸ்ஸில் பன்னிரண்டு மைல், முக்கால் மணி நேரம். பிறகு பாதை ஏற வேண்டும். அந்தப் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. இப்போது பாலம் வந்துவிட்டதால் இந்தக் காத்திருப்பு உங்களுக்கு இல்லை. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தொப்பி எடுங்கள், கடைத்தெருவில் எருமைத் தயிர் கிடைத்தால் விடாதீர்கள். முடிந்தால் பின்னேரத்தில் ஏதாவது ஒரு மைதானத்தில் கொஞ்சம் நின்று, யார் யாருக்குப் பந்தைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நசீர் பாதையடிக்கே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும்.

"எங்கட ஐயா பக்கத்துல நிக்கேக்க நான் அடிச்சா, திங்கக்கிழமை எந்த முகத்தோட வேலைக்குப் போறது?" என்றார். பிறகு, "அதுக்குத்தான் குடுத்தனான் எண்டு உங்கட பெரியவருக்கு நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"ஓம், சொன்னனான்," என்றேன்.

"அதைச் சொல்லியும் எடுக்கேல்ல எண்டா, நான் அந்தளவுக்கு விளையாடேல்ல போல," என்றார் நசீர்.

அதன் பிறகு நான் அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் எந்தத் தெரிவு ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை.