தீர்க்கதரிசி சொல்லாமல் விட்டது

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது ஒரு மாலை முழுவதும் நான் தீர்க்கதரிசியாக இருந்தேன். பஞ்சுத் தாடி, அம்மாவின் வெள்ளைச் சேலையைச் சுற்றிய அங்கி, தோணி தள்ளும் கம்பொன்று கோலாக. எங்கள் சபையில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதால் இஸ்ரவேலின் மூப்பர்களில் முக்கால்வாசிப் பேர் பாவாடையும் தாடியுமாக நின்றார்கள். என் தம்பிக்கு ராஜா வேடம். அவனுக்குப் பேச்சு இல்லை. முடி சூட்டும்போது அழாமல் நின்றால் போதும் என்று மாமி சொல்லியிருந்தார்.

மாமி அப்பாவின் அக்கா. ஞாயிறு பாடசாலையை நடத்தியவர் அவர்தான். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபதுகூட இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஊர் திரண்டு போகும் நாட்களில் நாங்கள் கொஞ்சம் வெளியாட்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது மட்டும் எல்லாரோடும் சேர்ந்து ஒரே வரிசையில் நின்றோம்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். ஷெல் விழுந்து கூரை போன எங்கள் ஆலயம் அதுவரை தகரத்தின் கீழேதான் இருந்தது. அரசாங்கம் ஓடு தந்தது. அதைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஓர் அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. அமைச்சரும் கிறிஸ்தவர். சபையின் செயலாளராக இருந்த அப்பாவுக்கு அதுதான் பெரிய விஷயம். நம்முடைய சகோதரன் ஒருவன் அதிகாரத்தில் இருக்கிறான், அவன் காது நமக்குத் திறந்திருக்கும் என்று அப்பா நம்பினார். பாடசாலை ஆசிரியரான அவர் இளவயதில் சிங்கள ஊர்களில் படிப்பித்தவர். ஆலய முற்றத்தில் புதிதாக ஒரு கொடிக்கம்பம் நட்டு, தேசிய கீதத்தைச் சிங்களத்தில் பாட எங்களைப் பழக்கினார். தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டதை நாங்கள் கிளிகளைப் போலப் பாடினோம். அர்த்தம் என்ன என்று ஒருத்தி கேட்டதற்கு, அர்த்தம் நல்லதுதான் என்றார் அப்பா.

அமைச்சருக்கு முன்னால் போட ஒரு நாடகம் வேண்டும் என்றதும் மாமி தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த அவசரம் எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. நாலைந்து வருடங்களாக ஞாயிறு பாடசாலையைத் தவிர மாமி எதிலும் முன்னுக்கு வராதவர்.

மாமிக்கு ஒரே மகன். பதினேழு வயதில், டியூசனுக்குப் போன ஒரு பின்னேரம், அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் துறையடியில் சாய்த்து வைத்தபடி நின்றது. கொண்டுபோனவர்கள் இன்னார் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். இன்றுவரை அப்படித்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமி வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பொலித்தீன் பை நிறையக் கடதாசிகளோடு பாதையில் ஏறி அக்கரைக்குப் போவார் என்பதுதான். பாதை என்பது வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவை. எனக்கும் அதில் போக ஆசை. ஒருநாளும் மாமி கூட்டிப்போகவில்லை.

நாடகம், ஜனங்கள் ராஜா கேட்ட கதை. மற்ற ஜாதிகளுக்கு இருப்பதைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் வந்து கேட்பார்கள். கிழவனான தீர்க்கதரிசி, ராஜா வந்தால் என்ன நடக்கும் என்று எச்சரிப்பான். அவர்கள் கேட்கமாட்டார்கள். வேதத்தில் இருப்பதை மாமி எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதியிருந்தார். திராட்சைத் தோட்டம் வயல் வட்டையாகியிருந்தது. எனக்குரிய பகுதியை நான் நித்திரையிலும் சொல்வேன்.

"ராஜா கேக்கிறீங்க. வருவான். உங்கட வட்டையில நல்ல வட்டைய அவன் எடுப்பான். உங்கட புள்ளையள எடுப்பான். மறுகா நீங்க தேடிப் போவீங்க. கந்தோர் கந்தோரா ஏறி இறங்குவீங்க. ஒருத்தரும் பதில் சொல்லமாட்டாங்க."

அரசாங்க அலுவலகத்துக்கு எங்கள் ஊர்ச்சொல்லான கந்தோர் வரும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். தீர்க்கதரிசி வாயில் கந்தோர் என்றால் சபை சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த வரி வேதத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நாடகத்தைச் சிங்களத்தில் எழுதி முன்கூட்டியே தரவேண்டும் என்று கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். நான் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூப்பர்களின் பேச்சு வரைக்கும் பேனா வேகமாக ஓடியது. என்னுடைய பகுதியில் நின்றது. இரண்டு வரி எழுதி வெட்டினார். திரும்ப எழுதினார். பிறகு பேனாவை மூடிவைத்து, மாமியைக் கூட்டிவரச் சொன்னார்.

மாமி வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா, தமிழில இது வேதம்" என்றார் அப்பா. "சிங்களத்தில எழுதிப் பாத்தா அரசாங்கத்துக்குப் போடுற பெட்டிசம் மாதிரிக் கிடக்கு."

"பெட்டிசம்தான் தம்பி. நான் எழுதின மத்தது ஒண்டையும் அவங்க வாசிக்கல்ல."

கடதாசி மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "மேடையில நிண்டு சொல்லப்போறது என்ட புள்ள."

"ஓம்" என்றார் மாமி. "உன்ட புள்ள இரிக்கு."

கதவிடுக்கில் நான் நிற்பதை மாமி கண்டுவிட்டார் என்று நினைத்து, அடி விழுவதற்கு முன் ஓடிவிட்டேன்.

மறுநாள் என் பகுதி மாறியிருந்தது. ராஜா உங்களைக் காப்பாற்றுவார், வயல் தருவார், றோட்டுப் போடுவார், சகலரையும் ஒன்றாக வைத்திருப்பார் என்று அப்பா எழுதியிருந்தார். தீர்க்கதரிசி ஏன் திடீரென்று இவ்வளவு சந்தோசமாகிவிட்டான் என்று நான் கேட்டேன். கர்த்தர் அவன் மனதை மாற்றிவிட்டார் என்றார் அப்பா. எனக்கு அது திருப்தியாக இருந்தது. ஒத்திகையில் மாமியும் புதிய வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அமைச்சர் மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தார். வாகனங்களைப் பாதையில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க நேரமாயிற்று. எங்கள் தாடிகள் வியர்வையில் ஊறிவிட்டன. ஒவ்வொரு யன்னலுக்கும் துப்பாக்கியோடு ஒருவர் நின்றார். கொடி ஏறியது, கிளிகள் பாடின. பிறகு அமைச்சர் பேசினார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். பத்து நிமிடம் சிங்களத்தில் பேசியதைக் கந்தோரிலிருந்து வந்த ஒரு பொடியன் இரண்டு நிமிடத்தில் தமிழாக்கினான். இனி இந்த நாட்டில் தமிழர், சிங்களவர் என்ற பேதமில்லை, நாம் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று. நடந்ததை மறந்துவிடுவதும் கிறிஸ்தவக் கடமை என்றும் சொன்னான். அப்பா முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் துடைத்ததையும் பார்த்தேன். அது என்ன கண்ணீர் என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

நாடகம் தொடங்கியது. மூப்பர்கள் ராஜா கேட்டார்கள். நான் கோலை ஊன்றி முன்னால் வந்தேன். "ராஜா கேக்கிறீங்க. வருவான்" என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் சொல்லிப் பழகிய வரியும் இரண்டு நாள் படித்த வரியும் தொண்டையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. சபை என்னையே பார்த்தது.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் எடுத்துக்கொடுப்பதற்காக மாமி நின்றார். கையில் பிரதி இருந்தது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் எதைச் சொன்னாலும் நான் சொல்லியிருப்பேன்.

"ராஜா உங்களைக் காப்பாத்துவார்" என்றார் மாமி. காற்று மட்டும்தான் வந்தது, குரல் இல்லை.

நான் அதை ஆலயமே அதிரும்படி சொன்னேன். வயலும் றோட்டும் தானாக வந்தன. தம்பி அழாமல் முடி சூடினான். எல்லாரும் கை தட்டினார்கள். அமைச்சர் என்னைக் கூப்பிட்டுத் தாடியைத் தொட்டுச் சிரித்து, ஒரு பெட்டி நிறப்பென்சில் தந்தார்.

தாடியைப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் அது கழலாமல் நின்றது. விழா முடிந்ததும் மாமி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தேங்காய் எண்ணெய் தடவி, நோகாமல் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்தார். பென்சில் பெட்டியை நான் மடியிலேயே வைத்திருந்தேன்.

"நான் கதைக்கக்குள்ள அமைச்சர் என்னையே பாத்துக்கொண்டிருந்தவர் மாமி" என்றேன்.

"ஓம் புள்ள. நல்லாச் சொன்னாய்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னர் வளர்ந்து, அதே சபையில் ஞாயிறு பாடசாலை நடத்தும் நிலைக்கு வந்தபின், எத்தனையோ தரம் அந்த மேடையை நினைத்திருக்கிறேன். பழைய வரிகளையே நான் சொல்லியிருந்தாலும் அமைச்சருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பொடியன் அவற்றை மொழிபெயர்த்திருக்கவும் மாட்டான். கேட்டிருக்கக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான், எங்கள் இருபது குடும்பங்கள். கதையில் ஜனங்கள் ராஜாவைக் கேட்டு வாங்கினார்கள். எங்களுக்குக் காட்டிலிருந்து வந்தவர்களும் கொழும்பிலிருந்து வந்தவர்களும் கேளாமலே வந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அப்பாவின் வயதுக்காரர்கள் வாலிபத்தில் எதையெதைக் கேட்டார்கள், யாருக்குக் கை தட்டினார்கள் என்று அவர்கள் எங்களிடம் சொன்னதில்லை. அப்பாவுக்கு இப்போது ஞாபகம் குறைந்துவிட்டது. மாமி போன மாரியில், மகனைக் காணாமலே செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்தவர்களில் சபையாரைவிட, அக்கரையில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி வீதியோரம் இருக்கும் தாய்மாரே அதிகம்.

விழாவுக்கு அடுத்த ஞாயிறு மாமி ஆலயத்துக்கு வரவில்லை. தலையிடி என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகும் அவர் ஒருநாளும் வரவில்லை, தலையிடி என்ற காரணமும் மாறவில்லை. அந்த ஞாயிறு புதிய கூரையின் கீழ் நின்று அப்பாதான் ஜெபம் நடத்தினார். எங்களை ஆளுகிறவர்களுக்காக, அவர்களுக்கு ஞானம் உண்டாக, அவர்களுடைய ஆயுசு நீடிக்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சபை தலை குனிந்திருந்தது. ஒருவரும் உடனே ஆமென் சொல்லவில்லை.

நான் சொன்னேன். அமைச்சரை எனக்குத் தெரியும் என்ற பெருமையில், எல்லாருக்கும் முதலாக, எல்லாருக்கும் கேட்கும்படி.